லேசர் தின்ற கேசட்

பத்திரிகைப் படத்தில் டாக்டர் உடையப்பன் ஒரு கேசட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கியவரைப் போலப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு: ‘ஈப்போவில் லேசர் அதிசயம்! ஒரே மின்னலில் குரல் மறைந்தது!’

மறைந்தது யாருடைய குரல் என்று செய்தியில் ஒரு வரிகூட இல்லை.

நவமணி பத்திரிகையைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். போலீஸ் இன்ஸ்பெக்டர் வேலையை உதறிவிட்டு, ஈப்போவின் புந்தோங்கில் ஒரு தையல் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள் அவள். பொய் சொல்கிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. பெருமைக்காகப் பொய் சொல்கிறவர்களைக் கண்டால் முகத்தில் வெறுப்பைக்கூட மறைக்க மாட்டாள்.

எதிரில் உட்கார்ந்திருந்தவள் ராக்காயி. சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பாலுக்கு மரம் சீவுகிறவள். மறைந்தது அவள் புருஷன் பிச்சைமுத்துவின் குரல்.

“அவரு ஸ்மோக்கவுஸ்ல ராத்திரி காவல்க்கா,” என்றாள் ராக்காயி. ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் கட்டடம் அது. “தீப் பிடிச்சுக்கிச்சு. ஆளுங்க பின்பக்கத்துப் பலகைய ஒடைச்சு இழுத்துட்டு வந்தாங்க. ஆஸ்பத்திரியில கொஞ்ச நாள் உசுரோட இருந்தாரு.”

“போலீஸ் என்ன சொல்லுது?”

“தோட்டத்துக் குத்தகைக்காரரு சின்னையா சொன்னதத்தான் சொல்லுது. குடிச்சிட்டு, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுத் தூங்கிட்டாராம். கதவு எரிஞ்சு போச்சு. எந்தப் பக்கம் பூட்டுனாங்கன்னு யாரு பாக்கறது? அவரு தண்ணி தொட்டதே இல்லக்கா. இப்ப என் மகள பள்ளிக்கூடத்துல ‘குடிகாரன் மக’ன்னு கூப்பிடறாங்க.”

அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கியது.

பிச்சைமுத்து சாவதற்கு முதல் நாள் டேப் ரெக்கார்டர் கேட்டிருக்கிறான். ராக்காயி புதுக் கேசட் ஒன்றைப் போட்டுக் கட்டில் பக்கத்தில் வைத்தாள். மருந்து கட்டும் நேரம் என்று நர்ஸ் அவளை வெளியே அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவனே பட்டனை அமுக்கிப் பேசியிருக்கிறான். வார்டு மின்விசிறியின் இரைச்சலில் அந்த வெந்துபோன தொண்டை பேசியது எதுவும் புரியவில்லை. டாக்டர் உடையப்பன் காந்தத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெரிய படிப்பாளி, கேசட்டில் இருப்பதும் காந்தம்தான், அவரிடம் கொடுத்தால் சத்தத்தைச் சுத்தம் செய்வார் என்று யாரோ சொன்னார்கள். கேசட் அவரிடம் போனது.

“பல தடவ போய்க் கேட்டேன். கடைசியா போனப்ப பேப்பர்காரரு ஒருத்தரு அங்க இருந்தாரு. டாக்டரு போட்டுப் பாத்தாரு. ஒண்ணுமே வரல. ஒடனே சிரிச்சிட்டு, ‘என் லேசர் அழிச்சிருச்சு’ன்னாரு. பேப்பர்காரரு படம் எடுத்தாரு. என்ன கொஞ்சம் தள்ளி நிக்கச் சொன்னாங்க.”

நவமணி எழுந்து கார் சாவியை எடுத்தாள்.

மூலையில் பத்திரிகையைக் குப்பையிலிருந்து மீட்டுப் படித்துக்கொண்டிருந்த சீனி தலையைத் தூக்கினான். அவளுடைய உதவியாளன். முப்பத்தைந்து வயது, அகலமான உடம்பு, அதைவிட அகலமான வாய்.

“சிரிச்ச வாயப் பாக்கவா போறோம்க்கா? நான் சீப்பு எடுத்துக்கறேன். படம் எடுத்தாலும் எடுப்பாங்க லா.”

*

தனியார் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றின் பின்கட்டில் இருந்தது உடையப்பனின் ஆய்வுக்கூடம். வாசலில் அவர் ராக்காயியின் ரப்பர்ச் செருப்பைப் பார்த்தார்.

“உள்ளே தூசு வரக்கூடாது. மிக நுட்பமான கருவி. அந்தம்மா வெளியே இருக்கட்டும்.”

சீனியின் சப்பாத்தில் புந்தோங் சேறே இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. ராக்காயி நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தாள்.

உள்ளே நீளமான இரும்பு மேசை. அதன் மேல் துணி போர்த்திய பெட்டி, கண்ணாடிகள், குழாய்கள். டாக்டரின் எழுதும் மேசையில் ஒரு சின்னக் கண்ணாடிக் கூடு. அதற்குள் கேசட். ‘லேசரால் காந்தம் நீக்கப்பட்டது’ என்று தட்டச்சு செய்த அட்டை வேறு.

“காட்சிக்கு வச்சிருக்கீங்க,” என்றாள் நவமணி.

“மாணவர்கள் பார்க்க ஆசைப்படுகிறார்கள் மேடம்.”

“இது ஒரு மனுசனோட மரண வாக்குமூலம்.”

“வருத்தம்தான். ஆனால் அறிவியல் என்று வரும்போது…”

“அந்த அறிவியலச் சொல்லுங்க.”

உடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். இதற்காகவே காத்திருந்தவர் போலிருந்தது.

“ஒரு வினாடியை லட்சம் கோடித் துண்டாக நறுக்குங்கள். ஒரு துண்டுக்குப் பெயர் பிகோ வினாடி. என் லேசர் அப்படிச் சில துண்டு நேரம்தான் ஒளி விடும். இரும்பு, நிக்கல் போன்ற உலோகத்துக்குள் கோடி கோடியாகக் குட்டிக் காந்தங்கள் ஒரே திசையைப் பார்த்து நிற்கின்றன. ஒளி பட்டதும் முதலில் எலெக்ட்ரான்கள் சூடேறும். அந்தச் சூட்டில் வரிசை குலையும். காந்தம் மங்கும்.”

“அப்புறம்?”

“சூடு பரவித் தணிந்ததும் வரிசை மறுபடி கூடும். குலைவது எத்தனை வேகத்தில் என்பதுதான் கேள்வி. உலகத்தில் இன்னும் யாரும் அறுதியாகச் சொல்லவில்லை. நான் சொல்லப்போகிறேன்.”

“மறுபடி கூடும்னா, குரலும் மறுபடி வந்திருக்கணுமே?”

உடையப்பன் ஒரு வினாடி வாயைத் திறந்தபடி நின்றார். அது அவர் கணக்கில் லட்சம் கோடித் துண்டு.

“ஒளி மிகவும் பலமாகப் பட்டால் வரிசை குலைந்தபடியே தங்கிவிடலாம்.”

“அவ்வளவு பலமாப் பட்டா பிளாஸ்டிக் இளகும்லா டாக்டர்?” என்றான் சீனி. “இது என்னான்னா கல்யாண மாப்பிள்ள மாதிரி பளபளன்னு இருக்கு.”

நவமணி கூட்டைத் திறந்து கேசட்டை எடுத்தாள். டாக்டரின் டேப் ரெக்கார்டரில் போட்டாள். ஆரம்பத்தில் அமைதி. ஓடவிட்டு நடுவில் கேட்டாள். அமைதி. முடிவில் கேட்டாள், திருப்பிப் போட்டும் கேட்டாள். மின்விசிறி இரைச்சல்கூட இல்லை.

“உங்க ஒளி எவ்வளவு அகலம்?”

“ஊசிமுனை அளவு.”

“நாடா சுருளாச் சுத்தியிருக்கு. ஊசிமுனை பட்டா மேல் சுத்துல ஒரு புள்ளி போகும். அடிச் சுத்து வரைக்கும் எப்படித் தொடைச்சு விட்ட மாதிரி ஆச்சு?”

“சிதறிய ஒளி. அறை முழுக்கப் பரவியிருக்கும்.”

“கேசட் எங்க இருந்துச்சு?”

“இந்த டிராயரில்.”

சீனி அதற்குள் டிராயரை இழுத்துவிட்டான். உள்ளே இன்னும் கேசட்டுகள் இருந்தன. ஒன்றை எடுத்துப் போட்டான். ‘பெரியோர்களே, அறிவியல் என்பது யாதெனில்…’ என்று உடையப்பனின் குரல் அறை அதிர முழங்கியது. இன்னொன்றைப் போட்டான். அதிலும் அவரே முழங்கினார்.

“உங்க லேசருக்குக் காது கேக்காது போல டாக்டர்,” என்றான் சீனி. “பக்கத்துலயே இதெல்லாம் இருந்தும், போயும் போயும் வேற ஒண்ண அழிச்சிருக்கு.”

உடையப்பனின் கழுத்து சிவந்தது. “என்னை அவமானப்படுத்தவா வந்தீர்கள்?”

“இல்ல,” என்றாள் நவமணி. “லேசர ஒரு தடவ போட்டுக் காட்டுங்க. பாத்துட்டுப் போயிடறோம்.”

“இப்போது முடியாது. கண்ணாடிகளைச் சரிபார்க்க வேண்டும். காற்றில் ஈரம் அதிகம். மின்சாரமும் சீராக இல்லை…”

“மூணு காரணம்,” என்றாள் நவமணி. “நெசமா இருந்தா ஒண்ணு போதும்.”

சீனி இரும்பு மேசைக்கு அடியில் குனிந்திருந்தான். லேசர் விளக்கைக் குளிர்விக்கும் தண்ணீர்த் தொட்டி அங்கே இருந்தது. மூடியைத் தூக்கியவன் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

“அக்கா, இங்க வாங்க. டாக்டரு மீன் வளக்கறாரு.”

நவமணி எட்டிப் பார்த்தாள். தண்ணீர் பச்சை பிடித்திருந்தது. அதில் கொசுப்புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுக் கீழே போயின. மூலையில் ஒரு தலைப்பிரட்டை சாவகாசமாக நீந்தியது.

“லேசர் வேல செஞ்சா இந்தத் தண்ணி சுத்திக்கிட்டே இருக்கும்,” என்றாள் நவமணி. “சுத்தற தண்ணியில கொசு முட்ட போடாது டாக்டர். எப்பலேருந்து இது ரோசாக், ஓடாமக் கெடக்கு?”

உடையப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய புத்தகத் தமிழ் முதன்முறையாக அவரைக் கைவிட்டது.

“விளக்கு வெடிச்சிருச்சு. வெளிநாட்டுலேருந்து புது விளக்கு வரணும். வரல. லேசர் வாங்கிக் கொடுத்த முதலாளிங்க ‘என்ன ஆச்சு, என்ன ஆச்சு’ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. அந்தப் பேப்பர்காரரும் அதையேதான் கேக்க வந்தாரு. அப்பப் பாத்து அந்தம்மா வந்தாங்க. கேசட்டப் போட்டேன், ஒண்ணும் இல்ல. சட்டுனு வாயில வந்துருச்சு.”

“அதுக்கு முன்னாடி ஒரு தடவகூடப் போட்டுக் கேக்கல?”

“நேரம் இல்ல.”

“அப்ப வரும்போதே அது வெத்தாத்தான் இருந்திருக்கலாம்.”

“இருக்கலாம். சத்தியமா நான் அழிக்கல மேடம்.”

நவமணி அவரைப் பார்த்தாள். கேசட்டை அழித்தவனைப் பிடிக்க வந்தவள் அவள். இவர் அழிக்கவே இல்லை. அழிக்காத பழியைத் தானே இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, அதற்குக் கண்ணாடிக் கூடும் செய்து வைத்திருக்கிறார். செத்த லேசர் உயிரோடு இருக்கிறது என்று ஊர் நம்பினால் போதும், வெளியே பெஞ்சில் ஒருத்தி எதை இழந்தாலும் சரி. நவமணிக்குத் தான் பார்த்த எத்தனையோ திருடர்கள் இந்த மனிதரைவிட மேல் என்று தோன்றியது.

கேசட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். அதில் ஒட்டியிருந்த தாளில் ‘அப்பா’ என்று மகளின் கையெழுத்து. தாளின் ஓரம் கிழிந்து, அடியில் பழைய பசை காய்ந்திருந்தது. வேறு எதிலிருந்தோ உரித்து இதில் ஒட்டியது. நகத்தால் மெல்ல நெம்பினாள். அடியில் கேசட்டின் மேலேயே அச்சிட்டிருந்த ஆங்கில எழுத்துகள் வெளிவந்தன.

“மெட்டல்,” என்று படித்தாள்.

“மெட்டல் டேப்பா?” உடையப்பன் எழுந்தே விட்டார். “சாதாரண நாடாவில் இரும்புத் துருவைத்தான் பூசுவார்கள். இதில் சுத்த இரும்புத் துகள். விலை பல மடங்கு. தோட்டத்து ஆட்கள் யாரும் இதை வாங்க மாட்டார்களே!”

“இவ்வளவு தெரியுது உங்களுக்கு,” என்றாள் நவமணி. “கையில வச்சுப் படம் புடிச்சீங்க. கூட்டுக்குள்ள வச்சுக் கும்பிட்டீங்க. ஒரு தடவ திருப்பிப் பாக்கத்தான் தோணல.”

அவர் தலை குனிந்தார்.

“ஸ்டேஷன்லேருந்து கூப்பிடுவாங்க. வரும்போதே வெத்துக் கேசட், லேசர் ரோசாக்குன்னு ரெண்டையும் சொல்லணும்.”

“அது… பேப்பரில் வருமா?”

நவமணி கேசட்டோடு வெளியே நடந்தாள். சீனிதான் வாசலில் நின்று திரும்பினான்.

“வரும் டாக்டர். அந்தத் தலைப்பிரட்டையோட சேந்து நின்னு சிரிங்க.”

*

அசல் கேசட் எங்கேயோ இருக்கிறது. யாரோ மாற்றியிருக்கிறார்கள். மெட்டல் டேப் வாங்கியவன் யார் என்று கண்டுபிடித்தால் போதும்.

முகம்மது கௌஸின் கேசட் கடை பழைய பட்டணத்தில், மஞ்சள் சாயம் பூசிய தாழ்வாரத்தின் கீழ் இருந்தது. சீனி அங்கே பழைய வாடிக்கை. கௌஸ் கேசட்டைக் கையில் வாங்கியதுமே சொல்லிவிட்டார்.

“என் கடைச் சரக்குதான். இத வாங்க ஈப்போவுல ஆளு ஏது? ஒரு தோட்டத்துத் தம்பி வந்தாரு. புதுசா ஸ்டீரியோ செட் வாங்கியிருக்காராம், ஆளுங்கள மேய்க்கற மண்டோர் வேல கெடச்சிருக்காம். சாதா கேசட்டக் காட்டினேன். மொகத்த இப்படித் திருப்பிக்கிட்டாரு. கடையிலேயே வெல கூடினது எதுவோ அதக் கொடுன்னாரு. எதுக்குன்னும் தெரியல, எப்படின்னும் தெரியல. வெல கூடினது வேணும், அவ்வளவுதான்.”

“ஆளு எப்படி இருந்தாரு பாய்?” என்றான் சீனி.

“ஒல்லியா, செவப்பா. இந்தப் புருவத்துல குறுக்கால ஒரு வெட்டு.”

கூட வந்திருந்த ராக்காயி கல்லாப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“பால் வாளி பட்ட காயம்,” என்றாள். “அது என் தம்பி அர்ச்சுனன்.”

கடைக்குள் ஓடிக்கொண்டிருந்த பாட்டைக் கௌஸ் கையை நீட்டி நிறுத்தினார்.

“டாக்டர்கிட்ட கேசட்டக் கொண்டு போனது யாரு?” என்று நவமணி கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்திருந்தது.

“அவன்தான். ‘பஸ்ஸுல நீ அலையாத அக்கா, நான் கொண்டு போறேன்’னான்.” ராக்காயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “கிளம்புங்கக்கா. போலாம்.”

*

நவமணியின் டட்சன் காடி வடக்கே ஓடியது. வழியெல்லாம் மழை. சுங்கை சிப்புட்டைத் தாண்டியதும் சீனி மெதுவாகக் கேட்டான்.

“அசலக் கொளுத்திப் போட்டிருப்பானோக்கா?”

“மாட்டான். மண்டோர் வேலய யாரு கொடுத்தது? சின்னையா. எதுக்குக் கொடுத்தான்? கேசட் வெளிய வரக்கூடாது. அதக் கொளுத்திட்டா நாளைக்கே சின்னையா இவன வேலய விட்டுத் தொரத்தலாம். பிடிய விட மாட்டான். இந்த மாதிரி ஆளுங்களுக்கு வெக்கம் கெடையாது, புத்தி உண்டு.”

பின்சீட்டில் ராக்காயி கேட்டுக்கொண்டிருந்தாள். நவமணி அதற்காகக் குரலைத் தாழ்த்தவில்லை.

தோட்டத்தில் பாதி மரங்களை வெட்டியாகிவிட்டது. மிச்சத்தைச் சின்னையா குத்தகைக்கு எடுத்து நடத்தினார். எரிந்த ஸ்மோக்கவுஸ் மழையில் கரிக்கட்டையாக நின்றது. அர்ச்சுனனின் வீடு வரிசையின் கடைசி. வீட்டில் நாற்காலி ஒன்றுதான், ஆனால் சுவர் நீளத்துக்கு ஒரு ஸ்டீரியோ செட்டும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் இருந்தன. பக்கத்து அலமாரியில் கேசட்டுகள். ஒவ்வொன்றிலும் படத்தின் பெயரை அழகாக எழுதி ஒட்டியிருந்தான்.

“வா அக்கா,” என்று எழுந்த அர்ச்சுனன், பின்னால் வந்த இருவரையும் பார்த்து நின்றான். “இவங்க யாரு?”

“எனக்காக அலையறவங்க,” என்றாள் ராக்காயி.

சீனி அலமாரி முன்னால் போய் நின்றான். “நம்ம மாதிரி பாட்டுப் பைத்தியம் போல இருக்கு மச்சான். அடேயப்பா, எல்லாத்துக்கும் பேரு எழுதி வச்சிருக்கீங்க.” விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனவன் ஒன்றில் நிறுத்தினான். “இதுக்கு மட்டும் ஏன் பேரு இல்ல?”

அந்தக் கேசட்டின் மேல் தாளை உரித்த தழும்பு இருந்தது.

“அது வெத்துக் கேசட்டு.”

“வெத்துன்னா போட்டுத்தான் பாப்போமே,” என்றாள் நவமணி. “ஒண்ணும் வராது.”

“செட் ரிப்பேர்.”

“இன்னிக்கு நாங்க பாக்கற ரெண்டாவது ரிப்பேர்,” என்றான் சீனி.

அர்ச்சுனன் கையை நீட்டினான். அதற்குள் ராக்காயி சீனியிடமிருந்து கேசட்டை வாங்கிவிட்டாள். தானே செட்டில் போட்டு, தானே பட்டனை அமுக்கினாள். தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மின்விசிறி இரைந்தது. அதன் அடியிலிருந்து ஒரு குரல் கரகரவென்று எழுந்தது. ராக்காயியின் பழைய ரெக்கார்டரில் மங்கிக் கிடந்த வார்த்தைகள் இந்தப் பெரிய செட்டில் ஒவ்வொன்றாகப் பிரிந்து கேட்டன.

‘ராக்கு… நான் குடிக்கல. சின்னையாதான் பூட்டுனாரு. ஷீட்டு களவு போகுதுன்னு வெளியில பூட்டு போட்டுட்டாரு. தீ வந்ததும் தட்டுனேன். கத்துனேன். பூட்டுனது சின்னையா. இத போலீஸ்ல சொல்லு.’

பேச்சு நின்றது. மின்விசிறி மட்டும் ஓடியது.

அர்ச்சுனன் மூச்சை விட்டான். முகத்தில் ஒரு தெளிவு கூட வந்தது.

“அக்கா, உனக்காகத்தான் பத்திரமா வச்சிருந்தேன். சின்னையாவ மடக்கணும்லா? சமயம் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒடனே போலீஸுக்குப் போனா அவனே ஆளுங்கள வச்சு அழிச்சிருப்பான். மண்டோர் வேல எல்லாம் சும்மா, அவன் பக்கத்துல இருந்தாத்தான்…”

நவமணி அவனைப் பேசவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் ஒருத்தர் செத்த லேசருக்காக இந்தக் குரலை விற்றார். இவன் ஒரு செட்டுக்கும் மண்டோர் வேலைக்கும் விற்றிருக்கிறான். இரண்டு பேருக்கும் கேட்டால் உடனே ஒரு காரணம் வந்துவிடுகிறது. அவனுக்குச் சொல்ல வேண்டிய வார்த்தைகள் அவள் நாக்கில் தயாராக இருந்தன.

“சரி, எடுத்துருவோம்,” என்று அர்ச்சுனன் செட்டை நிறுத்தப் போனான். “அவ்வளவுதான் இருக்கு.”

ராக்காயி அவன் கையைத் தட்டிவிட்டாள்.

“இருக்கட்டும். அவரு மூச்சு கேக்குது.”

மின்விசிறி இரைச்சலுக்கு நடுவே உண்மையிலேயே ஒரு மூச்சு இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது. அவள் ஸ்பீக்கரின் முன்னால் தரையில் உட்கார்ந்து காதை வைத்துக்கொண்டாள். வெளியே மழை ஓய்ந்திருந்தது. நாடா ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு அந்தக் குரல் மறுபடியும் வந்தது.

‘ராக்கு… இன்னொண்ணு. இத போலீஸ்ல சொல்லாத. அர்ச்சுனன் வந்தான். சாவி அவன்கிட்டதான் இருந்துச்சு. கதவுகிட்ட வந்து மாமான்னு கூப்பிட்டான். தொறடான்னேன். சாவி சத்தம் கேட்டுச்சு. அப்புறம் சின்னையா தூரத்துலேருந்து என்னமோ கத்துனாரு… இவன் போயிட்டான்.’

நீண்ட மூச்சு.

‘பயந்துட்டான். சின்னப் பய. அவன ஏசாத.’

கேசட் முடிந்து பட்டன் தானாக மேலே தெறித்தது.

அர்ச்சுனன் சுவரோடு சாய்ந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டான். சின்னையாவின் பெயர் வந்த இடத்தோடு அவன் எப்போதும் நிறுத்தியிருந்தான். அதற்குப் பின்னால் இப்படி ஒன்று காத்திருந்தது அவனுக்குத் தெரியாது. இந்தத் தடவை ஒரு காரணம்கூட வரவில்லை.

நவமணி தயாராக வைத்திருந்த வார்த்தைகளை விழுங்கினாள். உடம்பெல்லாம் வெந்து கிடந்தவன் அர்ச்சுனனைப் பற்றி இப்படிப் பேசிவிட்டுப் போயிருக்கிறான். அதற்கு மேல் அவனை ஏச அவளுக்கு வாய் வரவில்லை. சீனி வாசல் பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினான்.

ராக்காயி எழுந்தாள். கேசட்டை வெளியே எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். தம்பியின் முன்னால் வந்து நின்றாள்.

“ஏச வேணாம்னு சொல்லிட்டாரு. நான் ஏச மாட்டேன்.”

“அக்கா…”

“போலீஸ்ல சொல்லாதன்னும் சொன்னாரு. அது மட்டும் என்னால ஆகாது. என் மக பள்ளிக்கூடத்துக்குத் தல நிமுந்து போகணும். சின்னையா பூட்டுனது, நீ சாவிய வச்சுக்கிட்டுத் திரும்பிப் போனது, கேசட்ட மாத்துனது, எல்லாத்தையும் நீயே உன் வாயால சொல்லணும். எந்திரி.”

அவன் எழவில்லை. அவள் குனிந்து அவன் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள்.

“சட்டைய மாத்திக்கிட்டு வா. வெளிய நிக்கறேன்.”

அவன் வர நேரம் பிடித்தது. அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவன் வெளியே வந்தபோது நவமணி காடியின் பின்கதவைத் திறந்து விட்டாள். அர்ச்சுனன் தலையைக் குனிந்து ஏறினான். ராக்காயி அவனை உள்ளே தள்ளி உட்காரச் சொல்லி, பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்தினாள்.